சேகர், அந்த ஃபிரிட்ஜைத் தொடாதே

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே கடலூர் முதுநகரில் எல்லோரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. பெரியவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம், அதை நேரில் பேசலாம்.

நீ போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஃபிரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது, செருப்புப் போட்டுக்கொண்டு திறக்கிறோம் என்கிறாய். உள்ளே கரண்ட் கசிகிறதுடா, அதைத் தரைக்குள் கொண்டுபோக எர்த் கம்பியும் இல்லை. பேரன் குளித்த ஈரக்காலோடு ஓடிவந்து கதவைப் பிடித்தால் என்ன ஆகும்?

போர்டில் இருக்கிற எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச், விழுந்துவிடும் என்று நம்பாதே. அது ஒயர் சூடாகி எரியாமல் காக்கிற பொருள். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைத் தாண்டி ஓடினால்தான் விழும். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் போனாலே இதயம் தாறுமாறாகித் துடிப்பு நின்றுபோகலாம். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற கசிவைக் கண்டு அணைகிற சுவிட்ச். லைனில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேறு வழியில் போனாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்கு. 300 என்று விற்பது தீ விபத்துக்கானது, ஆளுக்கு உதவாது. மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு கையில் லைன், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்கும் தெரியாது.

எர்த்தையும் விடாதே. உனக்கும் எனக்கும் கடலோர ஊர், உப்புக்காற்றில் கிளாம்ப் துருப்பிடித்துக் கம்பி தனியாகத் தொங்கும். பிளக்கில் அந்தப் பெரிய பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதே எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் விடுபடத்தான். அதை வெட்டி இரண்டு ஓட்டையில் செருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம், மாடியில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தாயே, அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் உரசி அந்தக் கம்பியில் கரண்ட் வந்துவிட்டால் ஈரத்துணி போடப் போகிறவர் பிழைப்பது கடினம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இங்கே கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அறுந்த கம்பி செத்துப்போனது என்று நினைத்து யாரும் கிட்டப் போகக் கூடாது. ஈரத்தரையிலேயே கரண்ட் பரவியிருக்கும்.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணைக்கணும். உன் வீட்டில் இன்வர்ட்டரும் இருக்கிறது, அதையும் சேர்த்து அணை. முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளிவிடு. மூச்சு இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100-லிருந்து 120 முறை ஆழமாக அழுத்திக்கொண்டே இரு. மருமகளுக்கும் இதைச் சொல்லிக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், கரண்ட் கசிவைச் சோதிக்கிற மெகர் கருவியும் கொண்டுவருகிறேன். அதுவரை ஃபிரிட்ஜ் ஓட வேண்டாம். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கு. பால் கெட்டால் கெடட்டும்.

அன்புடன்,
ராஜு