இந்தி போதும் என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். லூதியானா போன புதிதில் நீ போனில் சொன்னதை அக்கா என்னிடம் ஒப்பித்தாள். "இங்க எல்லாரும் இந்திதான் பேசறாங்க, பஞ்சாபி டர்பன் கட்டினவங்க பாஷை, நமக்கு எதுக்கு?" என்றாயாம். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். திருப்பூரிலிருந்து நூல், பின்னலாடை வேலையாக அங்கே போகிற பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பதால் இதைப் பொதுவில் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில், உன் காதில் இந்தி மட்டும் விழுவது ஏன் என்று பார். லூதியானா ஹோசியரி யூனிட்டுகளில் மெஷின் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஷாப் ஃப்ளோரின் பாஷை இந்தியாகத்தான் இருக்கும். முதலாளி உன்னிடம் இந்தி பேசுவது நீ வெளியூர்க்காரன் என்பதால். அதே மனிதர் தன் அண்ணனிடம் கணக்குக் கேட்கும்போது கவனி, லாரி டிரைவரை அதட்டும்போது கவனி. பஜாரில் நூல் விற்கிற லாலா டர்பன் கட்டாத இந்துவாக இருப்பார், கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் இருக்கும். அவர் வீட்டுக்குப் போன் போட்டால் வாயிலிருந்து வருவது பஞ்சாபி. ஆனால் பல இந்துக் குடும்பங்கள் வீட்டில் பேசுகிற அந்தப் பாஷையை அரசாங்கத் தாளில் தங்களுடையது என்று எழுதவில்லை. பஞ்சாபின் கதையில் பாதி இதில்தான் இருக்கிறது.

டர்பன் பாஷை என்றாயே, பஞ்சாபியின் முதல் பெரிய கவி யார் தெரியுமா? பாபா ஃபரீத். முஸ்லிம் சூஃபி. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர், குரு நானக் பிறந்த 1469க்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் முந்தியவர். அவருடைய தர்கா இன்று பாகிஸ்தானில், பாக்பட்டனில் இருக்கிறது. அவர் பெயரில் வழங்கும் 112 சலோகங்களும் 4 பதங்களும் சீக்கியர்கள் குருவாகவே வணங்கும் குரு கிரந்த சாஹிப் என்ற நூலுக்குள் இருக்கின்றன. குரு அர்ஜன் 1604இல் அந்த நூலைத் தொகுத்து ஹர்மந்திர் சாஹிபில், அதாவது பொற்கோயிலில், வைத்தார். காசி நெசவாளி கபீர், தோல் தொழில் செய்த ரவிதாஸ், மராட்டிய நாட்டு நாமதேவர் பாடல்களும் அதில் உண்டு. அதனால் கிரந்தத்தின் மொழி முழுக்கப் பஞ்சாபி அல்ல. பல ஊர்ப் பேச்சு கலந்த சாதுக்கள் மொழி அது. எழுத்து மட்டும் முழுக்க குர்முகி.

குர்முகியைச் செம்மை செய்தவர் இரண்டாம் குருவான அங்கத். அதற்கு முன் அந்தப் பகுதி வியாபாரிகள் கணக்கு எழுதியது லண்டா என்ற எழுத்தில். அதில் உயிர்க்குறி கிடையாது. கடன் கணக்குக்கு அது போதும், எழுதியவனுக்கே விளங்கினால் சரி. பாட்டை ஓர் எழுத்து பிசகாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க அது உதவாது. ஒலிக்கு ஒரு குறி, குறிக்கு ஒரு ஒலி என்று அவர் ஒழுங்குபடுத்தியது அந்தத் தேவைக்காக. எல்லைக்கு அந்தப் பக்கம் இதே மொழியைப் பாரசீக எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். அதற்கு ஷாமுகி என்று பெயர். கசூரில் அடங்கிய புல்லே ஷாவும், 1766இல் ஹீர் காவியத்தை முடித்த வாரிஸ் ஷாவும் அந்த எழுத்துக்காரர்கள்தான். ஹீரின் வரிகளை அமிர்தசரஸிலும் பாடுகிறார்கள், லாகூரிலும் பாடுகிறார்கள். புத்தகமாக அச்சிட்டால் மட்டும் ஒருவர் புத்தகத்தை மற்றவரால் வாசிக்க முடியாது.

உன் லூதியானாவுக்கு வருகிறேன். 1809இல் ரஞ்சித் சிங்கும் ஆங்கிலேயரும் அமிர்தசரஸ் உடன்படிக்கை போட்டபோது சட்லெஜ் நதி எல்லையாயிற்று. வடக்கே சீக்கிய ராஜ்ஜியம், தெற்கே கிழக்கிந்தியக் கும்பினியின் செல்வாக்கு. லூதியானா கும்பினியின் எல்லைக் கண்டோன்மென்ட். அதனால்தான் 1834இல் அமெரிக்கப் பாதிரிமார் வந்து அங்கே கடை விரிக்க முடிந்தது. அச்சகம் வைத்தார்கள், குர்முகிக்கு ஈய எழுத்து வார்த்தார்கள், 1854இல் பஞ்சாபி அகராதியை அச்சிட்டார்கள். மத மாற்றத்துக்காக வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அச்சுலகத்தில் பஞ்சாபிக்கு ஆரம்ப இடங்களில் ஒன்று நீ தினமும் டிராஃபிக்கில் திட்டுகிற அந்த ஊர்.

அதே காலத்தில் ரஞ்சித் சிங்கின் லாகூர் தர்பாரில் எழுத்து வேலை எந்த மொழியில் நடந்தது என்று நினைக்கிறாய்? பாரசீகத்தில். சீக்கிய மகாராஜா, தாய்மொழி பஞ்சாபி, நாணயத்தில் குருக்களின் பெயர், கச்சேரிக் கணக்கு மட்டும் பாரசீகம். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, இந்த ஒரு விஷயத்தில் வருத்தமும் உண்டு. 40 வருஷ ஆட்சி கையில் இருந்தது. 1849இல் ஆங்கிலேயர் நாட்டைப் பிடித்ததும் பாரசீகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உருதுவை வைத்தார்கள். டெல்லிப் பக்கத்திலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் முன்ஷிகளுக்கும் அது பழக்கமான மொழி. பஞ்சாபியை நாட்டுப்புறக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடம், கோர்ட், வேலை எல்லாம் உருது.

இதன் விளைவு விநோதமானது. சிறுகதை எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோ 1912இல் பிறந்தது லூதியானா மாவட்டத்துச் சம்ராலாவில், உனக்கு ஒரு மணி நேரப் பயணம். எழுதியது உருதுவில். சாஹிர் லூதியான்வி ஊர்ப் பெயரையே ஒட்டிக்கொண்டு உருதுவில் எழுதினார். உருதுக் கவிகள் இக்பாலும் ஃபைஸும் பஞ்சாபிகள். ராஜிந்தர் சிங் பேடி சீக்கியராக இருந்தும் உருது எழுத்தாளர். இந்து வீடுகளில் ஆரிய சமாஜம் என்ற இந்துச் சீர்திருத்த இயக்கம் வந்தபின் இந்தி புகுந்தது. 1886இல் லாகூரில் தொடங்கிய டி.ஏ.வி. பள்ளி அதற்கு வலுவான கால். ஆக முஸ்லிமுக்கு உருது, இந்துவுக்கு இந்தி, சீக்கியருக்கு குர்முகிப் பஞ்சாபி என்று மதத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டில் மூவரும் பேசியது ஒன்றேதான்.

1947இல் பஞ்சாபை அறுத்துக் கோடு போட்டதும் லாகூர், குரு நானக் பிறந்த நன்கானா சாஹிப், அவர் கடைசியாக வாழ்ந்த கர்தார்பூர் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. அந்தக் கொலைகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. உன் முதலாளி வீட்டுப் பெரியவர்கள் தாமாகச் சொன்னால் உட்கார்ந்து கேள். சொல்லாவிட்டால் கிளறாதே.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற இடத்தில் "இந்தி" என்று சொல்லுங்கள் என இந்துக்களிடம் ஆரிய சமாஜம் பிரசாரம் செய்தது. அப்படி எழுதச் சொன்ன பத்திரிகைகளில் சில உருதுவில் வெளிவந்தவை! சொன்னவர்கள் பேசியது பஞ்சாபி, அச்சடித்தது உருது, கேட்டது இந்தி. தகராறு முற்றி, அந்தக் கணக்கெடுப்பில் பஞ்சாபி எத்தனை, இந்தி எத்தனை என்று பிரித்துக் காட்டாமல் சேர்த்தே போட்டுவிட்டார்கள். 1961இல் மறுபடியும் அதே பிரசாரம். பல இந்துக் குடும்பங்களில் மூத்த பிள்ளையைச் சீக்கியனாக வளர்ப்பது பழைய வழக்கம், உனக்கு இது புதிதாக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் அண்ணன் தாய்மொழி பஞ்சாபி என்றும் தம்பி தாய்மொழி இந்தி என்றும் எழுதினால் அவர்கள் தாய்க்கு எத்தனை மொழி?

இந்துக்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துவிட முடியாது. பஞ்சாபி சூபா, அதாவது பஞ்சாபி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் என்ற போராட்டத்தை சீக்கியர்களின் கட்சியான அகாலிகள் நடத்தினார்கள். ஆந்திராவுக்கு நியாயமானது பஞ்சாபுக்கு ஏன் நியாயமில்லை என்று அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் மறுத்தது. அந்த ஆண்டு கோஷம் போடவே தடை வந்தது, ஜூலையில் போலீஸ் பொற்கோயில் வளாகத்துக்குள் நுழைந்தது. அதெல்லாம் அநியாயம்தான். ஆனால் கேட்டது மொழிக்காக, ஜத்தாக்கள், அதாவது போராட்டக் குழுக்கள், புறப்பட்டது பொற்கோயில் வளாகத்து மதபீடமான அகால் தக்திலிருந்து. அகாலித் தலைவர் மாஸ்டர் தாரா சிங் மேடையில் மொழி, பந்த் (சீக்கிய சமூகம்) இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார். கேட்கிற இந்துவுக்கு இது சீக்கிய நாடு கேட்கிற வேலை என்றே பட்டது. சந்த் ஃபதே சிங் பிறகு தலைமைக்கு வந்து, இது மொழிக் கோரிக்கை மட்டுமே என்று சொல்லிச் சொல்லி அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் தணித்தார். பஞ்சாபியைக் கைவிடாமல் காப்பாற்றியது சீக்கியர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைத் தங்கள் வீட்டுச் சொத்தாக மட்டும் சுருக்கியதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. நீ "டர்பன் கட்டினவங்க பாஷை" என்று நினைத்துக்கொண்டதே அதற்குச் சாட்சி.

கடைசியில் 1966 நவம்பர் 1ஆம் தேதி மாநிலம் பிரிந்தது. ஹரியானா தனியாயிற்று, மலைப்பகுதிகள் இமாச்சலத்துக்குப் போயின, சண்டிகர் யூனியன் பிரதேசம். எல்லை போட அடிப்படை எது? அந்த 1961 கணக்கெடுப்புதான். வாயால் சொன்ன பொய் வரைபடமாயிற்று. சண்டிகர் கேட்டு தர்ஷன் சிங் ஃபெருமான் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து 1969 அக்டோபரில் உயிர்விட்டார். சண்டிகர் இன்றும் இரண்டு மாநிலங்களுக்கும் தலைநகர்.

பாகிஸ்தான் பக்கம் இதைவிட மோசம். அந்த நாட்டிலேயே அதிகம் பேர் பேசும் மொழி பஞ்சாபி. ஆனால் அங்குள்ள பஞ்சாப் மாகாணத்துப் பிள்ளைகள் படிப்பது உருதுவிலும் ஆங்கிலத்திலும். லாகூர் சட்டசபையில் உறுப்பினர் பஞ்சாபியில் பேச வேண்டுமானால் சபாநாயகர் அனுமதி வேண்டியிருந்தது, 2024இல்தான் விதியைத் திருத்தினார்கள். ராணுவமும் அதிகாரமும் பெருமளவு பஞ்சாபிகள் கையில், மொழி மட்டும் அடுப்பங்கரையில். இந்தப் பக்கம் 2008இல் சட்டம் போட்டு 10ஆம் வகுப்பு வரை பஞ்சாபியைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். கூடவே தெருவுக்குத் தெரு வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வு ஐலெட்ஸுக்குக் கோச்சிங் போர்டு. கனடா போகிற பிள்ளைக்கு எந்த மொழி சோறு போடும் என்று அப்பாக்கள் கணக்குப் போடுகிறார்கள். நம்மூர் அப்பாக்கள் போடாத கணக்கா?

சரி, உனக்கு வேலைக்கு ஆகிற விஷயத்துக்கு வருகிறேன். குர்முகி அடிப்படை எழுத்து 35, அதை "பைந்தீ" என்பார்கள். ஒரு மாதத்தில் படித்துவிடலாம். கண்டாகர், அதாவது மணிக்கூண்டு, பக்கத்துப் புத்தகக் கடையில் குழந்தைகள் படிக்கும் "காய்தா" கேள், தருவார்கள். பஸ் போர்டு, கடைப் பெயர், தாசில்தார் ஆபீஸ் தாள் எல்லாம் அந்த எழுத்தில்தான். பேச்சில் உனக்கு ஒரு லாபம் இருக்கிறது. இந்தியில் வயிற்றிலிருந்து மூச்சை விட்டுச் சொல்கிற வர்க்கத்தின் நாலாம் எழுத்து இருக்கிறதே, நம் நாக்கு தடுக்கி விழும் இடம், பஞ்சாபியில் அந்த மூச்சே போய்விட்டது. அதற்குப் பதில் குரலை ஏற்றியோ இறக்கியோ பேசுகிறார்கள். குதிரைக்கான சொல்லை "கோடா" என்று கல், கடல் என்பவற்றில் வருகிற நம்மூர் "க"வில் தொடங்கி, குரலைத் தாழ்த்திச் சொல், சரியாக இருக்கும். உன் ஊரில் பேசுவது மால்வைப் பேச்சு, ஜலந்தர்க்காரர்களின் தோஆபியும் அமிர்தசரஸின் மாஜியும் கொஞ்சம் மாறும். பெரியவர்களை "துஸீ" என்று சொல், "ஜீ" சேர்க்க மறக்காதே.

குருத்வாராவுக்குப் போனால் தலையை மூடு, லங்கரில், அதாவது அங்கே எல்லாருக்கும் போடும் இலவசச் சாப்பாட்டில், ரொட்டியை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கு. எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து இங்கே சாதியே இல்லை என்று வீட்டுக்குப் போன் செய்துவிடாதே. மாநிலத்து ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய பட்டியல் சாதியினர், இந்தியாவிலேயே எந்த மாநிலத்தையும்விட அதிக விகிதம். பல கிராமங்களில் அவர்களுக்கு வேறு குருத்வாரா, வேறு சுடுகாடு. 1984 பற்றி டீக்கடையில் கருத்துச் சொல்லாதே. அந்த ஜூனில் ராணுவம் பொற்கோயிலுக்குள் புகுந்தபோது அமிர்தசரஸிலும், நவம்பரில் சீக்கியர்களைக் கொன்றபோது டெல்லியிலும் யாரை இழந்த வீடு அது என்று உனக்குத் தெரியாது.

மாலேர்கோட்லாவுக்குப் போய்வா, பக்கம்தான். 1700களின் தொடக்கத்தில் பத்தாம் குருவான கோபிந்த் சிங்கின் இரண்டு சின்னப் பிள்ளைகளைச் சிர்ஹிந்தில் சுவருக்குள் வைத்துக் கட்டச் சொல்லி உத்தரவானபோது, மாலேர்கோட்லா நவாப் ஷேர் முகமது கான் எதிர்த்துப் பேசினார். 1947இல் சுற்றிலும் எரிந்தபோது அந்த ஊர் முஸ்லிம்கள் மேல் கை வைக்கவில்லை, பழைய நன்றியால்தான் என்று சீக்கியர்கள் சொல்வார்கள்.

அந்தப் பிள்ளைகள் நினைவாகத்தான் டிசம்பர் கடைசி வாரத்தில் ஃபதேகர் சாஹிபில் ஜோடு மேளா. அந்த நாட்களில் பலர் வீட்டில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், சிலர் தரையில் படுப்பார்கள். சிர்ஹிந்த் வழியாகப் போகும் டெல்லி ரோட்டில் டிராக்டரும் டிரெய்லருமாக ஜனம் நகரும், லோடு நின்றுவிடும். டெஸ்பாட்ச் தேதியை அதற்கு முன்னால் வைத்துக்கொள். பார்ட்டியிடம் இப்போதே சொல்லிவிடு, பஞ்சாபியில் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்,
மாமா