நூற்றுக்கு ஏழு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகன்,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். நான் வைத்த கத்தரிக் கன்று நாலையும் மான் தின்றுவிட்டது, வேலி போடு போடு என்று அம்மா முதலே சொன்னா.

போனில் நீ அம்மாவிடம் சொன்ன விஷயம் எனக்கு வந்துசேர்ந்தது. "முனிசிப்பல் பத்திரம், நூற்றுக்கு ஏழு, வரியும் இல்லை, அரசாங்கக் காசு மாதிரி" என்றாயாம். அமெரிக்காவில் நகரங்களும் பொதுச் சபைகளும் கடன் வாங்குவதற்கு விற்கும் பத்திரம்தானே. நீ அனுப்பியதைச் சந்திக் கடையில் அச்சடித்து இரண்டு நாள் இருந்து வாசித்தேன். முகப்பில் ஒரு பொது அதிகார சபையின் பெயர் பெரிதாக இருக்கிறது. உள்ளே போனால், காசு ஒரு தனியார் முதியோர் இல்லத்துக்கு. அங்கே தங்குகிறவர்கள் கட்டும் காசிலிருந்துதான் உனக்கு வட்டி. நகரமும் பொறுப்பில்லை, மாநிலமும் பொறுப்பில்லை என்று எழுதியே இருக்கிறது. கடனைத் திருப்பிக் கட்டுவார்களா என்று பார்த்துப் போடும் தரமும் போடப்படவில்லை. இதையா அரசாங்கக் காசு என்கிறாய்?

வரியைப் பிணையாக வைத்து நகரம் வாங்கும் கடன் ஒன்று. ஒரு திட்டத்தின் வருமானத்தை மட்டும் காட்டி வாங்குவது வேறு. அதிலும் தண்ணீர்க் குழாய் என்றால் சனம் எப்படியும் காசு கட்டும். முதியோர் இல்லத்தில் பாதி அறை காலியாகக் கிடந்தால் யாரிடம் போய்க் கேட்பாய்? தரம் போட்ட நகரப் பத்திரங்கள் அபூர்வமாகத்தான் காசு கட்டத் தவறும். தவறுகிறவற்றில் அதிகம் தரம் போடாதவை, அதிலும் இந்த முதியோர் இல்லங்கள்தான் முன்வரிசை.

வரியும் கோயில் கற்பூரச் சத்தியம் இல்லை. நான் வீடு வளவுக்குப் போடும் சோலை வரிப் பகுதியில் இருந்தவன். 1990இல் சனம் எழும்பி ஓடிய பிறகு, நான் கையெழுத்திட்ட நோட்டீஸ்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. பூட்டின வீட்டுக்கு வரி போடலாம், பூட்டிடம் வாங்க முடியாது. டெட்ரோயிட்டிலும் அதுதான் நடந்தது. 1950இல் பதினெட்டு லட்சம் பேர் இருந்த நகரத்தில் 2013இல் மிஞ்சியது ஏறக்குறைய ஏழு லட்சம். அந்த வருடம் ஜூலையில் திவால். வரியையே பிணை வைத்த பத்திரக்காரருக்கே 100 டொலருக்கு 74 டொலர்தான். என்னைப் போன்ற பென்ஷன்காரரின் காசிலும் வெட்டினார்கள். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பத்திரம் தவறினால் காசு தரக் காப்புறுதி இருக்கிறது என்று சொல்லாதே. 2008இல் காப்புறுதி கொடுத்த கம்பனிகளே தரம் இழந்து நின்றன. அரசாங்கம் என்றும் சொல்லாதே. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று எங்கள் அரசாங்கமே கைவிரித்ததை நாங்கள் இங்கே இருந்து பார்த்தோம்.

எம்மா என்று ஒரு இணையத்தளம் அங்கே இருக்கிறதே, இந்தப் பத்திரங்களின் கணக்கு அறிக்கை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். அதில் பார். கஷ்ட காலத்தில் வட்டி கட்ட ஒதுக்கி வைத்த இருப்பு நிதியில் கைவைத்தார்களா என்று முதலில் பார். கைவைத்திருந்தால் சேதி சரியில்லை. எல்லாக் காசையும் ஒன்றில் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் எவ்வளவு என்று எனக்குச் சொல்லு. ஒன்றில் போடாதே.

கூட்டுவட்டியை எட்டாம் வகுப்பிலேயே மனக்கணக்காகச் சொன்ன பிள்ளை நீ. உன் வாத்தியார் இன்றைக்கும் கோணேசர் கோயிலடியில் கண்டால் அதைத்தான் கேட்பார். அப்படிப்பட்டவன் அந்தக் கடுதாசியின் இரண்டாம் பக்கத்தை வாசிக்காமல் விட்டிருக்க மாட்டாய். வாசித்துத்தான் போட்டிருக்கிறாய்.

இதை எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். சின்ன மாமாவுக்குப் பிணை நின்றது உனக்குத் தெரியும். அந்தக் கடன் என் தலையில் விழுந்த பிறகு, பள்ளத்தை நிரப்பலாம் என்று அக்காவின் கல்யாணக் காசை ஒரு நிதிக் கம்பனியில் போட்டேன். வங்கி தந்ததைவிட இரண்டு மடங்கு வட்டி. ஒரு வருடம் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு கதவில் பூட்டு. அக்காவின் முதல் சம்பந்தம் பொருத்தம் இல்லாமல் நின்றது என்று சொன்னது நான்தான். பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்தது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, அந்தச் சாத்திரியாரை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறா.

வசதியாக இருந்த காலத்தில் நான் யாரிடமும் கூடுதல் வட்டி தேடிப் போனதில்லை.

போன முறை வீடியோவில் கதைத்தபோது உனக்குப் பின்னால் சுவரில் கல்யாணப் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் தெரிந்தது. வெள்ளை அடிக்கக் கழற்றியிருப்பீர்கள். மருமகளுக்கும் குஞ்சுக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

உப்புவெளிக் காணி உறுதி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. அதை நான் எவருக்கும் பிணையாகக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா காளி கோயிலுக்குப் போனால் திரும்ப ஏழு மணியாகும். உனக்கு அது காலை நேரம். நான் வீட்டில் தனியத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா