மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்காதீர்கள்

அங்கன்வாடிக் குழந்தைகள் மையங்களை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வந்ததும் நோட்டை வாங்கி, "எத்தனை பிள்ளைகள் அ, ஆ எழுதும்?" என்று கேட்பது இப்போது வாய்மொழி உத்தரவாகவே ஆகிவிட்டது. எழுதிக் காட்டாவிட்டால் பிள்ளைகள் தனியார் எல்.கே.ஜி.க்குப் போய்விடும் என்ற பயம் எங்களுக்கும் உண்டு. அதற்கு இது மருந்தல்ல. ஐந்து வயதுக்கு முன் எழுத்து நோட்டு வேண்டாம்.

மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் பாதிகூட குருத்தெலும்பு நிலையிலிருந்து கெட்டி எலும்பாக மாறியிருக்காது. பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்து, தோளிலிருந்து முழுக்கையையும் இழுக்கும், தாள் கிழியும். மூன்று வயதில் வட்டம் வரும், நான்கில் கூட்டல் குறி, சதுரத்தின் மூலை அதற்கும் பிறகு. மூலை வராத கைக்கு 'ட' வராது. சுழித்து, வளைத்து, திரும்ப வேண்டிய 'அ' எப்படி வரும்? கையைப் பிடித்து எழுத வைத்தால் நோட்டு நிறையும், அவ்வளவுதான். முஷ்டிப்பிடியோ பழகிவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

விரலுக்கு வேறு வேலை இருக்கிறது. கண்மாய்க் களிமண்ணில் கல், வேர் பொறுக்கிப் பிசைந்து, ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு கொடுத்தால் போதும். உருட்டட்டும், கிள்ளட்டும். மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்த மண் உதிரும், பிள்ளை ஒதுங்கிவிடும். தாம்பாளத்தில் சலித்த மணல் ஒரு விரல்கடை உயரத்துக்கு மேல் வேண்டாம். கூடினால் இழுத்த கோடு மூடிக்கொள்ளும். சாக்பீஸை ஓர் அங்குலத் துண்டாக ஒடித்துக் கொடுத்தால் முஷ்டிக்கு இடமில்லை, மூன்று விரலால்தான் பிடித்தாக வேண்டும். புளியங்கொட்டை பொறுக்கும் விளையாட்டு நான்கு வயதுக்கு மேல், அதுவும் நம் கண் முன்னால். சின்னதுகள் மூக்கில் போட்டுக்கொள்ளும்.

அரசே கொடுத்த 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் விளையாட்டைத்தானே சொல்கிறது? 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இந்த வயதுக்கு விளையாட்டுவழிக் கற்றலைத்தான் சொல்கிறது. பிறகு நோட்டு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பக்கத்து ஊர் மையத்தின் கூடுதல் பொறுப்பு, போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் பதிவு, முகப் பதிவுக்கு நெட்வொர்க் தேடி வாசலில் நிற்பது என்று காலைப்பொழுது கரைகிறது. பிள்ளைகளோடு பேசிக் கதை சொல்ல வேண்டிய நேரம் அது. உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் மையத்தில் அடுப்பையும் அதே ஆள்தான் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் நோட்டுத் திருத்தச் சொல்வது எந்த நியாயம்?

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கு வருகிறோம். ஐந்து வயதுக்கு முன் எழுத்து நோட்டு கட்டாயமில்லை என்று எழுத்துப்பூர்வமாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த ஆய்வில் நோட்டுக்குப் பதிலாக, களிமண் ஈரமாக இருக்கிறதா, பொம்மைகள் அலமாரிக்கு மேலே இல்லாமல் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பிள்ளை தானாக நாலு வாக்கியம் பேசுகிறதா என்று பாருங்கள். பெற்றோர் கூட்டத்துக்கும் ஒருமுறை வந்து இதை நீங்களே சொன்னால், எங்கள் சொல்லைவிட அதற்கு மதிப்பு இருக்கும். பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரைச் சுற்றுவட்டார அங்கன்வாடிப் பணியாளர்கள் சிலர்