கியோட்டோவிலிருந்து அப்பாவுக்கு

கியோட்டோ, ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்காததுதான் எனக்கு உறுத்துகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மா குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாள். மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிற ஊர் இது. குளிர் தரையிலிருந்து கிளம்பி முழங்கால் வரை ஏறும். ஹீட்டர் இருக்கிறது, கவலை வேண்டாம். எப்படியும் இரவு வரை கதகதப்பான லேபில்தான் இருக்கிறேன்.

கீழ்வீட்டுப் பாட்டி முன்பு என்னிடம் பேசவே மாட்டார். மஞ்சள் குப்பைப் பையில் தவறிப்போய் பிளாஸ்டிக் போட்டால், மாடி ஏறிவந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். உடம்பின் வேறு வேறு செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்ன அன்று, உள்ளே போய் 2012 அக்டோபர் செய்தித்தாள் ஒன்றை எடுத்துவந்தார். அதில், இதே துறையில் நோபல் பரிசு வாங்கிய ஷின்யா யமனாகாவின் படம். அன்றிலிருந்து வாராவாரம் ஒரு கிண்ணம் முள்ளங்கி ஊறுகாய் வருகிறது.

ஆராய்ச்சி என்று இன்னும் எத்தனை வருஷம், ஒரு காலேஜில் நிலையாக உட்காரக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இவர் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

யமனாகாவின் அப்பாவும் பட்டறைக்காரர்தான். ஒசாகா பக்கத்தில் தையல் மெஷின் பாகங்கள் செய்தவர். மகனை டாக்டருக்குப் படிக்கச் சொன்னார். மகனும் எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் போனார், ஆனால் கை ஓடவில்லை. 'ஜாமநாகா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 'ஜாமா' என்றால் இடைஞ்சல். அப்பா கல்லீரல் நோயில் இறந்தபோது டாக்டர் மகனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம்தான் ஆராய்ச்சிக்கு வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் கற்றுக்கொண்டு திரும்பினால், ஜப்பானில் எலிகளைப் பராமரிக்கும் வேலையும் அவர் தலையில்தான். எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றிருந்தவருக்கு 1999-ல் நாராவில் வேலை கிடைத்தது.

அங்கே தொடங்கிய வேலை கியோட்டோவில் பலித்தது. ஓடுகிற மெஷினில் எது இல்லாவிட்டால் நின்றுபோகும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பீர்களே, அதே வழிதான். 24 ஜீன்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, 4 போதும் என்று கண்டுபிடித்தார்கள். 2006-ல் அந்த 4 ஜீன்களைச் செலுத்தியதும் எலியின் தோல் செல், எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய ஆரம்ப நிலைக்குத் திரும்பியது. மறுவருஷமே மனித செல்லிலும் நடந்தது. 2012-ல், இதே துறையின் முன்னோடியான இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் கர்டனோடு நோபல். அந்த போன் வந்தபோது வீட்டில் வாஷிங் மெஷினைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். உங்களுக்கு அவரைப் பிடிக்கும் அப்பா.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கே இயக்குநரானார். அங்கே பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். ஆராய்ச்சிக்கும் அவர்களுக்கும் பணம் வேண்டும் என்று 2012 மார்ச்சில் முழு மாரத்தான் ஓடி நன்கொடை கேட்டார். 1 கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. பாட்டியும் அந்த நிதிக்குப் பணம் கட்டியிருக்கிறார், ரசீது அந்தச் செய்தித்தாளுக்குள்தான் இருக்கிறது. 2022-ல் இயக்குநர் நாற்காலியை விட்டுவிட்டு மறுபடி தன் ஆராய்ச்சிக்கே போய்விட்டார்.

என் ஒப்பந்தமும் மார்ச் வரைதான். புதுப்பிப்பார்கள், இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். இந்த மாதம் பணம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும்.

நேற்று ஒரு பாகம் வாங்கிவர எங்கள் கட்டடத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கட்டிங் ஆயிலும் சீவிய இரும்பும் கலந்த வாசனை. சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கொடியில் போடும்போது வருகிற அதே வாசனை. பாகத்தை வாங்காமலே வெளியே வந்து, மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் கேட்கிறேன், பெரிய லேத்தை இப்போதே விற்க வேண்டுமா? சித்தப்பா சொன்ன விலைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். தம்பிக்குப் பரீட்சை முடியட்டும், அவனை வைத்துக்கொண்டு பேசுங்கள். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், என் சீட்டு பிப்ரவரியில் முடிகிறது, அந்தப் பணத்தை அத்தையிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்புக் பீரோ மேல்தட்டில், என் பழைய சான்றிதழ்க் கவருக்கு அடியில் இருக்கிறது.

உங்கள் மகள்