திமிர் இல்லை ஐயா, மேடை எடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மேல்நாட்டுப் பாடகர்களின் கிறுக்குத்தனங்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். பத்து துணுக்கு, ஒவ்வொன்றும் இரண்டே வரி. அமெரிக்காவின் வான் ஹேலன் குழு கச்சேரிக்குப் போகிற இடமெல்லாம் எம் அண்ட் எம் மிட்டாய் கேட்குமாம், அதில் பழுப்பு நிற மிட்டாய் ஒன்றுகூட இருக்கக் கூடாதாம், இருந்தால் ரகளையாம். 'பணம் வந்தால் இப்படித்தான்' என்று கடைசியில் ஒரு கொசுறு வேறு. எம் அண்ட் எம் என்றால் நம்மூர் ஜெம்ஸ் மாதிரி. என் பேத்தி இதைச் சத்தமாக வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நான் இருபத்தெட்டு வருஷம் திருச்சிப் பக்கம் மைக் செட் வாடகைக்கு விட்டவன்.

அந்த நிபந்தனை நிஜம்தான். 1982 கச்சேரிச் சுற்றுப்பயண ஒப்பந்தத்திலேயே, தின்பண்டப் பட்டியலில், எச்சரிக்கை என்று போட்டு எழுதியிருந்தார்கள். ஆனால் எதற்காக என்று அந்தக் குழுவின் பாடகர் டேவிட் லீ ராத் 1997இல் வந்த தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். மற்ற குழுக்கள் மூன்று லாரியில் சாமான் கொண்டுபோன காலத்தில் இவர்கள் ஒன்பது பெரிய லாரியில் கொண்டுபோனார்கள். சின்ன ஊர் அரங்கங்களில் தரை அந்த எடையைத் தாங்காது, உத்திரம் விளக்குகளைத் தாங்காது, சில இடத்தில் கதவுக்குள்ளே சாமானே நுழையாது. அதனால் எடை எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, எங்கே எத்தனை பிளக் என்று ஒப்பந்தம் டெலிபோன் டைரக்டரி கனத்துக்குப் போய்விட்டது. அதற்கு நடுவில் ஒளித்து வைத்ததுதான் இந்த மிட்டாய். ராத் அரங்கத்துக்குள் போனதும் முதலில் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்ப்பார். பழுப்பு மிட்டாய் கிடந்தால் அமைப்பாளர்கள் காகிதத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம், உடனே மேடை, வயர், விளக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்கச் சொல்வார்.

கொலராடோவில் பியூப்லோ என்ற ஊரில் அப்படித்தான் ஆனது. பல்கலைக்கழக அரங்கம், கூடைப்பந்து ஆடப் புதிதாகப் போட்ட தரை. ஒப்பந்தத்தில் எடை பற்றி எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை, மேடை அந்தத் தரைக்குள் இறங்கிவிட்டது. 80,000 டாலர் சேதம் என்கிறார் ராத். பத்திரிகைகள் என்ன எழுதின? பழுப்பு மிட்டாயைப் பார்த்த கோபத்தில் அவரே அத்தனையையும் உடைத்துவிட்டார் என்று. மனுஷன் ஒன்றும் சாது இல்லை, உள்ளே அறையில் கொஞ்சம் உடைத்ததை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் தரை போனது எடையால்.

நானும் எழுதித்தான் கொடுப்பேன். மேடைக்குச் சவுக்குக் கட்டை இத்தனை அடிக்கு ஒன்று, ஜெனரேட்டர் தனியாக வேண்டும், எர்த் கம்பி கட்டாயம் வேண்டும் என்று ஒரு முழுத் தாள். விழாக் கமிட்டிக்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 'எல்லாம் ரெடிண்ணே' என்பார். ஒரு ஆடி மாசம், முந்தின நாள் மழை பெய்த மண், போய்ப் பார்த்தால் தார் டின்களை நிறுத்தி மேலே பலகை பரப்பியிருக்கிறார்கள், கரண்ட் பக்கத்து டீக்கடையிலிருந்து வருகிறது. மூன்றாவது பாட்டில் இடது பக்க டின் மண்ணுக்குள் இறங்க, ஸ்பீக்கர் பாக்ஸ் சாய்ந்து, கீபோர்டுக்காரப் பையன் கீபோர்டை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். கமிட்டிக்காரர் பையிலிருந்து என் தாளை எடுத்தார், போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. வான் ஹேலன் தந்திரம் அன்றைக்குத் தெரிந்திருந்தால், 'கலைஞர்களுக்குத் தேங்காய் பன், மேலே செர்ரி இருக்கக் கூடாது' என்று நடுவில் ஒரு வரி சேர்த்திருப்பேன்.

சரி, அடுத்தது. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் இரண்டு கண்ணும் இரண்டு நிறம் என்று போட்டிருக்கிறீர்கள். இல்லை. பள்ளிக்கூட நாளில், 1962இல், ஒரு பெண் விஷயமாக நண்பர் ஜார்ஜ் அண்டர்வுட் விட்ட குத்தில் இடது கண்ணின் பாவை சுருங்க முடியாமல் விரிந்தபடியே நின்றுவிட்டது, அதனால்தான் அந்தக் கண் கறுப்பாகத் தெரிகிறது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் குத்தியவரும் குத்து வாங்கியவரும் கடைசிவரை சிநேகிதர்கள், அண்டர்வுட் பிற்பாடு ஓவியராகி போவியின் ஆல்பத்துக்கே படம் வரைந்தார்.

பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி விரலில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு கிதார் வாசிப்பார் என்பதும் உங்கள் கிறுக்குப் பட்டியலில் இருக்கிறது. இதைப் படித்தபோது உண்மையாகவே கோபம் வந்தது. பர்மிங்காமில் தகரம் வெட்டும் பட்டறை, பதினேழு வயது, இசைக்குழுவோடு போகப்போகிறோம் என்று வேலையை விட்ட கடைசி நாள், எந்திரம் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பட்டறை மேலாளர் ஒருவர் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்க வைத்தார், தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் வாசித்துப் பெயர் வாங்கியவர் ராய்ன்ஹார்ட். அதன்பிறகு பையன் பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, விரல் நுனிக்குப் பொருந்தும்படி தேய்த்து, வழுக்காமல் இருக்க மேலே தோல் ஒட்டினார். சாதாரணத் தந்தியை அழுத்தினால் வலித்தது, மெல்லிய தந்தி கடையில் கிடைக்கவில்லை, பேஞ்சோ வாத்தியத்தின் தந்தியை மாட்டினார். அப்புறம் தந்தியைத் தளர்த்திச் சுருதியையே இறக்கினார், 1971 ஆல்பத்தில் மூன்று அரைச் சுரம் கீழே. ஹெவி மெட்டல் என்று இன்றைக்கு உலகம் முழுக்கக் கேட்கிற அந்தக் கனமான சத்தத்தில் அந்தத் தளர்ந்த தந்திக்குப் பெரிய பங்கு உண்டு. கிறுக்கு என்கிறீர்களே!

குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி நம் நாட்டுப் பஞ்ச்கனியில் படித்தவர் என்பதை இன்னும் எத்தனை தடவை போடுவீர்கள் என்று தெரியவில்லை. நீங்கள் தமிழ்ப் பத்திரிகை நடத்துகிறீர்கள், நம் மெட்ராஸில் பிறந்த இரண்டு பேரை ஒரு தடவையாவது போட்டிருக்கலாம். ஒருவர் லிவர்பூல் இசைக்குழுவான பீட்டில்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டவர், இன்னொருவர் பீட்டில்ஸைத் தோற்கடித்தவர்.

தோற்கடித்தவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936 மே 2 அன்று மெட்ராஸில் பிறந்த ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி, அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். 1965இல் மேலாளர் கார்டன் மில்ஸ், எப்போதோ செத்துப்போன ஒரு ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயரை அப்படியே தூக்கி இவருக்கு வைத்துவிட்டார். 1967இல் இவருடைய 'ரிலீஸ் மீ' பிரிட்டனில் ஆறு வாரம் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்ததால் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்' இரண்டும் இருந்த பீட்டில்ஸ் இசைத்தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றது. பாட்டு எது உசத்தி என்று கேட்காதீர்கள், நான் பீட்டில்ஸ் கட்சி.

வெளியேற்றப்பட்டவர் பீட் பெஸ்ட், 1941 நவம்பர் 24 அன்று மெட்ராஸில் பிறந்த டிரம்மர். இவரைவிட இவர் அம்மா மோனா கதைதான் பெரிது. மோனா டெல்லியில் பிறந்தவர். யுத்தம் முடிந்து 1945இல் பிள்ளைகளோடு லிவர்பூலுக்குக் கப்பல் ஏறினார். 1954 டெர்பி பந்தயத்தில் நகையை அடகு வைத்து நெவர் சே டை என்ற குதிரையில் பணம் கட்டினார், ஒன்றுக்கு முப்பத்து மூன்று, குதிரை ஜெயித்தது. அந்தப் பணத்தை வைத்து ஹேமன்ஸ் கிரீன் என்ற தெருவில் பதினைந்து அறை வீடு வாங்கி, அதன் நிலவறையில் 1959 ஆகஸ்ட் 29 அன்று பையன்கள் பாட்டுக் கேட்க ஒரு காபி கிளப் திறந்தார். முதல் நாள் வாசித்த பையன்களில், பிற்பாடு பீட்டில்ஸ் ஆன ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் மூவரும் உண்டு. திறப்பு விழாவுக்கு முன்னால் அந்தச் சுவருக்கும் கூரைக்கும் பெயிண்ட் அடித்ததும் அவர்கள்தான்.

பீட் 1960இல் பீட்டில்ஸ் குழுவில் சேர்ந்தார். 1962 ஆகஸ்ட் 16 அன்று மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் கூப்பிட்டு, டிரம்ஸுக்கு ரிங்கோ ஸ்டார் வருகிறார், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட வாசித்த மூன்று பேரும் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசிகர்கள் கொதித்ததில் ஜார்ஜுக்குக் கண் வீங்கியது. அதற்குப் பிறகு ஒரு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, முதல் இசைத்தட்டு வந்தது. பீட் கொஞ்ச நாள் பேக்கரியில் ரொட்டி ஏற்றினார், பிறகு இருபது வருஷம் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மற்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார். 1967இல் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் அட்டைப் படத்துக்கு லெனனுக்குப் பதக்கங்கள் வேண்டியிருந்தபோது யாரிடம் கேட்டார் தெரியுமா? மோனாவிடம். அவர் தன் அப்பாவின் ராணுவப் பதக்கங்களை எடுத்துக் கொடுத்தார். பிள்ளையை வெளியே தள்ளியவனுக்கு எந்த அம்மா கொடுப்பாள் என்று என் மனைவி கேட்கிறாள்.

1995இல் பீட்டில்ஸின் பழைய பதிவுகள் தொகுப்பாக வந்தபோது அதில் பத்துப் பாட்டில் டிரம்ஸ் இவருடையது, ராயல்டி வந்தது. அட்டையில் பழைய குழுப் படம் ஒன்று இருக்கும், அதில் பீட்டின் தலை இருந்த இடத்தைக் கிழித்து அங்கே ரிங்கோவின் முகத்தை வைத்திருப்பார்கள். 2008இல் பீட் தன் குழுவோடு ஒரு ஆல்பம் போட்டார். பெயர் அம்மா வாங்கிய வீடு இருக்கும் தெருவின் பெயரே, 'ஹேமன்ஸ் கிரீன்'. அட்டையில் அந்தக் கிழிந்த துண்டு.

இப்படிக்கு,
ஒரு பழைய மைக் செட்காரன்,
திருச்சி