மாலை போட்ட மூன்றாம் நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இருபது வருடக் குடியை ஒரே நாளில் விட்ட ஐயப்ப பக்தர் ஒருவரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். மாலை போட்ட அன்றே பாட்டிலைத் தூக்கி எறிந்தாராம், பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லையாம். நல்ல மனுஷன், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தப் பக்கத்தை எங்கள் தெரு டீக்கடைக்காரர் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கார்த்திகை பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதைப் படித்துவிட்டுத் தினம் குடிக்கிறவர் யாராவது ஒரே நாளில் நிறுத்தி ஆபத்தில் மாட்டிக்கொள்வாரோ என்று எனக்கு மனசே சரியில்லை.

நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கார்த்திகை பிறந்து இரண்டு மூன்று நாளில், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகச் சிலரைத் தூக்கி வருவார்கள். வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள், மேலெல்லாம் பூச்சி ஊருது என்று தட்டிக்கொண்டே இருப்பவர்கள். ஒரு கொத்தனாரை மறக்கவே முடியாது. கட்டிலில் மண்டியிட்டு, வெறுங்கையால் வார்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். என்னைச் சித்தாள் என்று நினைத்து, "கலவை எங்கம்மா? காயப்போகுது" என்று அதட்டினார். உடம்பு அனலாகக் கொதித்தது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. முதல் நாள் முழுக்க மந்திரிக்கிறவரிடம் வைத்திருந்தார்கள். "சாமி குத்தம் ஆயிடுச்சு சிஸ்டர்" என்று அழுதார் அவர் மனைவி.

சாமி குத்தம் இல்லை. தினம் இரண்டு குவார்ட்டர் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் மூளை படும் பாடு அது. மூளையை அமைதிப்படுத்தும் காபா, முடுக்கிவிடும் குளூட்டமேட் என்று மூளைக்குள் இருக்கும் இரண்டு ரசாயனங்களும் எப்போதும் கயிறு இழுத்துக்கொண்டே இருக்கும். சாராயம் காபா பக்கம் சேர்ந்து இழுக்கிற ஆள். வருடக் கணக்கில் இப்படி இழுத்தால் மூளை சும்மா இருக்குமா? ஈடு கொடுக்க எதிர்ப் பக்கத்தில் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு நாள் சாராயம் மட்டும் கயிற்றை விட்டுவிட்டால் மொத்தமும் மறுபக்கம் சாய்ந்துவிடும். கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், தூக்கம் பிடிக்காது. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். கொத்தனாருக்கு வந்ததை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். அது மூன்றாம் நாள் வாக்கில் ஆரம்பிக்கும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். கல்லீரல் கெடும் என்பது ஊருக்கே தெரியும், கேடு என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொன்று. நடுக்கம் வந்தவுடன் பக்கத்துக் கிளினிக்கில் "ஒரு குளூக்கோஸ் ஏத்திவிடுங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். குடிக்கிறவர்கள் பலர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிடுவதிலும் பி1 சத்தான தயமினைக் குடல் சரியாக உறிஞ்சாது. அந்த உடம்பில் தயமின் ஊசி போடாமல் குளூக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினும் தீர்ந்து மூளை அடிவாங்கலாம். கண் ஓரிடத்தில் நிற்காது, நடை தள்ளாடும், சிலருக்கு ஞாபகசக்தி போய்த் திரும்புவதே இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டாஸ்மாக்கை மூடியபோதும் இதையே பார்த்தோம், கார்த்திகைக்குக் காத்திருக்காமல். கேரளத்தில் டாக்டர் சீட்டு கொடுத்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவே போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சரிதான், இதற்கு மருந்து சரக்கு இல்லை. மூளையை அமைதிப்படுத்தும் டயசிபாம், லோராசிபாம் வகை மாத்திரைகளை டாக்டர் மேற்பார்வையில் கொடுத்து, ஒரு வாரம் போலப் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே தயமின். கடையில் வாங்கித் தாங்களாகப் போட்டுக்கொள்கிற மாத்திரை இல்லை இது.

எப்போதாவது கல்யாண வீட்டில் குடிக்கிறவருக்கு இந்தப் பயம் வேண்டாம். தினமும் குடிக்கிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடிகிறவர், இவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன்பே வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களைப் பாருங்கள். பாதிப் பேர் கட்டியிருப்பது நடுக்கம் தெரியாமல் இருக்கத்தான்.

மாலை போடாதே என்று நான் சொல்லவில்லை. நாற்பத்தொரு நாள் கூடவே ஆள் இருப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, விடியலில் குளியல், இதைவிட நல்ல துணை மருந்துக்குக் கிடைக்காது. ஐப்பசியிலேயே ஒரு பத்து நாள் முன்னதாக ஜி.எச். மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு குடிக்கிறேன் என்று ஒளிக்காமல் சொல்லி, நடுக்கம் அடங்கிய பிறகு மாலை போடுங்கள் என்கிறேன். குருசாமிமார்களும் மாலை போடுகிறவரிடம் "எவ்வளவு குடிக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்குப் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். வலிப்போ உளறலோ வந்துவிட்டால் 108தான்.

அந்தக் கொத்தனார் பிழைத்தார். மறு வருடம் ஐப்பசியிலேயே வந்து படுத்து, மருந்து முடித்து மலைக்குப் போனார். தை பிறந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. அடுத்த ஐப்பசியில் திரும்ப வந்தார். அப்படித் திரும்பி வரும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது, எங்களுக்கு இல்லை.

நேற்று டீக்கடைக்காரரிடம், அந்தக் கட்டுரைக்குக் கீழே 14416 என்று எழுதி வைக்கச் சொன்னேன். "நான் எழுதினா யார் நம்புவா? பத்திரிகையிலயே போடச் சொல்லுங்க சிஸ்டர், அதையும் வெட்டி ஒட்டிடறேன்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.