குட்டைக்கரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்போர் சங்கம் எடுத்த குட்டைக்கரைச் சீரமைப்பும் நடைபாதை வேலையும் முடிந்துவிட்டன. நேரில் வந்து பார்த்தவர்கள் பாராட்டினார்கள், வராதவர்கள் வாட்ஸ்அப்பில் கணக்குக் கேட்டார்கள். இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் சங்கப் பங்கின் மதிப்பீடு 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். ஆன செலவு 13 லட்சத்து 86 ஆயிரம். கூடுதலான 2 லட்சத்து 46 ஆயிரம் எங்கே போனது? அதற்கு வருகிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு கொரோனா பரவலை வைத்து மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மண்டலம் பிரித்தபோது தமிழ்நாட்டில் பச்சை மண்டலம் என்று இருந்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான். அந்தப் பெருமை சில நாள்தான் நின்றது. சந்தையில் கூட்டம் கூடாது என்றதும், சுற்று ஊர்ப் பெண்கள் குட்டையை ஒட்டிய பொட்டலில் இடைவெளி விட்டு உட்கார்ந்து காய் விற்றார்கள். முள்ளும் குப்பையுமாக நாம் திரும்பிப் பார்க்காத இடம் அது. காய் வாங்கப் போனவர்கள் அப்படியே கரையில் நடக்கவும் ஆரம்பித்தார்கள். ஊரடங்கு போயும் நடை நிற்கவில்லை. அதே வருடம் இத்தாலியில் மிலான் நகரம் 35 கிலோமீட்டர் தெருக்களை நடக்கவும் சைக்கிளுக்கும் மாற்றத் திட்டம் போட்டது என்று ஒரு உறுப்பினரின் மகன் செய்தி அனுப்பினார். நம்முடையது மொத்தமே 1,050 அடி. இருந்தாலும் துணிந்தோம்.

தூர் வாரியது, கரை பலப்படுத்தியது, வேலி: இவை நகர்ப்புற நமக்கு நாமே திட்டத்தில், மக்கள் ஒரு பங்கு கட்ட மீதியை அரசு தர, நடந்தவை. பிரச்சினை இல்லாமல் முடிந்தன. வண்டல் மண்ணை விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். புங்கன், நாவல், பூவரசு, நீர்மருது நட்டாயிற்று, பெரும்பாலும் பிழைத்துவிட்டன.

நடைபாதைதான் எங்களைத் தின்றது. சிமென்ட் பேவர் பிளாக் வேண்டாம், பாலிஷ் பட்டறைகளில் மிஞ்சிக் குவிந்து கிடக்கும் கிரானைட் துண்டுக் கற்களைப் போடலாம் என்று பொதுக்கூட்டத்தில் முடிவானது. கீழே ஜல்லித்தூள், இடுக்கில் மணல், சிமென்ட் கூடாது. மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கவேண்டும் என்பதற்காகவே அப்படி, ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருந்தது. 2024 தீபாவளிக்கு ஆளாளுக்கு ஊருக்குப் போயிருந்த நேரம், ஒப்பந்ததாரர் 200 அடிக்குக் கீழே கான்கிரீட் கொட்டி, இடுக்கெல்லாம் சிமென்ட் பூசி முடித்துவிட்டார். கேட்டால், "கல்லு ஆடும் சார், நாளைக்கு பெரியவங்க யாராச்சும் தடுக்கி விழுந்தா என்னைத்தானே கேப்பீங்க?" என்றார். அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கமிட்டியிலேயே இரண்டு பேர் "போட்டதை விடுங்க, பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். நாங்கள் பில்லை நிறுத்தினோம், அவர் ஆட்களை நிறுத்தினார். ஒரு மாதம் கரையில் கல்லும் கலவை மிஷினும் சும்மா கிடந்தன. "கமிஷன் தகராறு" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

டிசம்பர் 1 இரவு ஃபெஞ்சல் புயல் மழை. ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டி, நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் டிவியில் பார்த்தீர்கள். நம் கரையில் சிமென்ட் பூசிய 200 அடியில் கணுக்கால் தண்ணீர் நின்றது, மணல் இடுக்குப் பகுதியில் காலையில் நடக்க முடிந்தது. சரிவில் மணல் கரைந்து சில கற்கள் ஆடியதும் உண்மை. ஒப்பந்ததாரர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

அப்புறம் கிரானைட் தொழிலில் இருக்கும் ஒரு பெரியவர் நடுவில் உட்கார்ந்து பேசினார். உடைத்து மறுபடி போடக் கூலி ஒப்பந்ததாரருடையது, கல்லும் தூளும் நம்முடையது. அதில் போனது 74 ஆயிரம். கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்னும் முள்ளில்தான் நடந்துகொண்டிருப்போம்.

மீதி 1 லட்சத்து 72 ஆயிரமும் அந்த மழையால் வந்த செலவுதான். மதிப்பீட்டில் நீர்வரத்து வாய்க்காலுக்கு ஒன்றரை அடிக் குழாய். அன்று தண்ணீர் குழாயில் நுழைய முடியாமல் மூன்றாம் தெரு வீடுகளுக்குள் ஏறியது. மறுநாளே கரையில் கூடிய 17 உறுப்பினர்கள் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்டு, மூன்றடிக்கு மூன்றடி சிறுபாலம் கட்ட முடிவெடுத்தோம். பொதுக்கூட்டம் கூட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. கூட்டியிருந்தால் அடுத்த மழைக்குள் ஜல்லி இறங்கியிருக்காது.

காய்காரம்மாக்களை வெளியேற்றவில்லை என்பதும் ஒரு புகார். அவர்களுக்குக் கிழக்குப் பக்கம் நிழலோடு 20 இடம் விட்டிருக்கிறோம். 2020-இல் சாலைக் கடைக்காரர்களுக்கென்று வந்த ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் வாங்கித் தொழிலை நிமிர்த்தியவர்கள் அவர்களில் சிலர். ஊரடங்கில் அடைந்து கிடந்த வீடுகளுக்குக் காய் கொடுத்தவர்களை, இடம் அழகானதும் எழுப்பிவிட கமிட்டிக்கு மனம் வரவில்லை. இதில் பின்வாங்கமாட்டோம்.

நன்கொடையாளர்கள்: கற்களை இலவசமாகத் தந்த மூன்று பாலிஷ் பட்டறைகள், லாரி வாடகை வாங்காத டிப்பர் உரிமையாளர், மாங்கூழ் ஆலை முதலாளி, முதல் தெரு மருந்துக்கடை அண்ணன், இரண்டாம் தெரு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், தையல் கடை அக்கா, ஓசூர் கம்பெனிகளில் வேலைபார்க்கும் பிள்ளைகள் சேர்ந்து தந்த பெஞ்சுகள், கன்றுகளுக்குத் தன் கிணற்றுத் தண்ணீர் விட்ட விவசாயி, ஒரு நாள் விற்பனையைக் கொடுத்த காய்காரம்மாக்கள். பெயர்கள் தொகையோடு பலகையில் இருக்கின்றன. கொடுத்த தேதி வரிசைதான், தொகை வரிசை அல்ல. பலகையில் மேலே வரவேண்டும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

வரவு 12 லட்சத்து 95 ஆயிரம். பற்றாக்குறை 91 ஆயிரத்தைப் பொருளாளர் கைக்காசாகப் போட்டிருக்கிறார், வட்டி கேட்கவில்லை. 23 வீடுகள் ஒப்புக்கொண்ட தொகையை இன்னும் தரவில்லை. அவை வந்தாலே அவருக்கு நாம் தரவேண்டிய கடன் தீரும். ரசீதுகளும் தீர்மானப் புத்தகமும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை என் வீட்டுத் திண்ணையில் இருக்கும். குழுவில் எழுதுவதற்கு முன் ஒருமுறை வந்து பாருங்கள், காபி உண்டு.

செயலாளர்